தானியமற்ற ரொட்டியும் நம் பந்தியும்

தலைநகரில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம் பொங்கலுக்கோ ஆண்டு விழாவுக்கோ ஒன்றுகூடினால், பேச்சுப் போட்டி எப்படி நடந்தது என்று மறுநாள் கேட்பவர் சிலர். சாப்பாடு எப்படி என்று கேட்பவர் பலர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரை விட்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவர்களை முதலில் இணைப்பது மொழி. அடுத்தபடி இணைப்பது சோறு. ஆதலின், அந்தப் பந்தியில் உட்கார முடியாமல் ஒருவர் ஒதுங்கி நிற்பாரானால், அந்தக் குறையைச் சங்கம் தன் குறையாகவே கொள்ள வேண்டும். இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் விடுதி நண்பர் ஒருவர் அவ்வாறு ஒதுங்கி நிற்கிறார். கான்பூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சோற்றைவிடச் சப்பாத்தியை மிகுதியாக உண்டு வளர்ந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சீலியாக் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. அது வயிற்றுக்குள் சென்றால், அவருடைய உடலின் காப்புப் படை தன் குடலையே பகைவன் என்று எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறுப்புகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்பு மெலிவு, ஓயாத களைப்பு என்று நோய் பல வடிவங்களில் வெளிப்படுகிறது. இன்றுவரை இதற்கு உள்ள நம்பத்தக்க மருத்துவம் ஒன்றே: வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்கி உண்ணுதல்.

இந்த உண்மையை உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. 1924இல் அமெரிக்க மருத்துவர் ஸிட்னி ஹாஸ், இந்நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து உணவு கொடுத்தார். குழந்தைகள் தேறினர். பழத்துக்கே அந்த ஆற்றல் உண்டு என்று பலரும் நம்பினர். தட்டில் வைத்த பழத்தைக் கண்டவர்கள், தட்டிலிருந்து எடுத்த ரொட்டியைக் காணவில்லை! நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கெ என்பவருக்குத்தான் கோதுமையின்மேல் ஐயம் எழுந்தது. போருக்கு முன்பே எழுந்த அந்த ஐயம், 1944-45ஆம் ஆண்டின் பஞ்சக் குளிர்காலத்தில், நாட்டில் ரொட்டியே அருகிப்போனபோது, மேலும் வலுப்பெற்றது. 1950இல் தம் ஆராய்ச்சி நூலில் அவர் அதை நிலைநாட்டினார்.

'இது வடக்கத்தியர் நோய். அரிசி உண்ணும் நமக்கு என்ன?' என்று நம்மில் சிலர் நினைக்கக்கூடும். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை கூறுகின்றன. இந்நோய்க்கு அடையாளமான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதமே. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. பெரிதும் வேறுபட்டது கோதுமைதான்: ஆராய்ந்த வட பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தென் பகுதியில் 25 கிராம். தமிழ் உடம்புக்குத் தனிக் காப்பு ஏதும் வாய்த்திருப்பதாக இதிலிருந்து தெரியவில்லை. காலையில் பரோட்டா, பகலில் சப்பாத்தி, இரவில் மீண்டும் சப்பாத்தி என்று உண்ணத் தொடங்கிய நாம் இதை அயலார் நோய் என்று ஒதுக்குதல் ஆகாது.

சரி, நம் விழாச் சாப்பாட்டில் கோதுமை எங்கே இருக்கிறது? இட்லி அரிசியும் உளுந்தும், சாம்பார் துவரம்பருப்பு. அவர் தாராளமாக உண்ணலாமே என்று தோன்றும். நானும் அவரும் ஒருநாள் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றிலும் அந்தச் சிட்டிகை போய்ச் சேர்கிறது. கேசரியும் ரவை உப்புமாவும் கோதுமையே. சேமியாப் பாயசமும் பெரும்பாலும் அவ்வாறே. இரவில் குடிக்கும் மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. குளூட்டன் அற்றது என்று எழுதி விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு சிறிய அளவை எண்ணிப் பாருங்கள். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்த்தால், அந்தத் தோசை அவருக்கு ஆகாது.

இங்கேதான் ரொட்டியின் கதை வருகிறது. நோயைக் கண்டறிந்தபின் அவருடைய குடல் எளிதில் ஆறவில்லை. சில மாதங்களுக்கு எல்லாத் தானியங்களையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கூறினர். அரிசி இந்நோய்க்குப் பகையன்று. ஆனால் தெருமுனை மாவு ஆலையில் கோதுமை அரைத்த கல்லிலேயே அரிசியும் அரைபடுகிறது. மாவோடு மாவு கலக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் தானியமற்ற ரொட்டி சுடத் தொடங்கினோம்.

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் வலைபோல் பின்னிக்கொண்டு, உள்ளே எழும் காற்றைப் பிடித்து வைக்கிறது. ரொட்டி உப்புவது அதனால்தான். அந்த வலை இல்லாதபோது வேறொன்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். எங்களுக்கு முட்டையும் வாழைக்காயும் செய்கின்றன. ஐ.என்.ஏ. சந்தையில் வாங்கிய பச்சை நேந்திரங்காய் பெரியதாக இரண்டு, முட்டை நான்கு, தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை மிக்சியில் கூழாக அரைக்கிறோம். கடைசியாக அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, நுரை அடங்குமுன் 180 பாகை வெப்பத்தில் நாற்பது நிமிடம் சுடுகிறோம். ஆறிய பின்பே அறுக்க வேண்டும்; சூட்டோடு அறுத்தால் உள்ளே பசைபோல் ஒட்டும். முட்டையும் ஆகாதவர்கள் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு மரவள்ளி மாவைப் பிசைந்து, கல்லில் தட்டையாகச் சுடலாம். கோதுமை ரொட்டியின் சுவை இவற்றுக்கு வருமா என்றால், வராது. ஆனால் காலையில் எல்லோரும் ரொட்டிக்குச் சட்னி தடவும்போது அவரும் தம் ரொட்டிக்குச் சட்னி தடவுகிறார். அது சிறிய செய்தி அன்று.

இது புதுமையான சமையலும் அன்று. இந்த ஊர் மக்கள் நவராத்திரி விரதத்தில் தானியத்தைத் தொடுவதில்லை. குட்டு என்னும் செடியின் விதையையும், குளத்தில் விளையும் சிங்காடாக் காயையும் மாவாக்கிப் பூரி சுடுகிறார்கள். சேலத்து மரவள்ளியிலிருந்து பிறக்கும் ஜவ்வரிசி அவர்களுடைய விரதக் கிச்சடியாகிறது. விரதம் இருப்பவருக்கென்று கடைவீதியே தட்டை மாற்றிக்கொள்கிறது. பக்திக்காகச் செய்யக்கூடியதை நோய்க்காகச் செய்ய இயலாதா?

இயலாது என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் விடுதியின் உணவுக் குழுவில் தனிக் கல் ஒன்று கேட்டபோது, 'இதெல்லாம் இக்காலத்து மோகம். வேண்டுமானால் வெளியில் உண்ணட்டும்' என்று விடை வந்தது. மோகமும் உண்டு, அதை மறுக்கவில்லை. தானியம், பருப்பு, பால், முட்டை, கொட்டைகள், தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் ஒருங்கே விலக்கும் உணவுமுறை ஒன்று, தன்னெதிர்ப்பு நோய்கள் அனைத்துக்கும் மருந்து என்று பரப்பப்படுகிறது. அதற்குள்ள சான்று சிறிது. குடல் அழற்சி நோயாளர் 15 பேரிடம் நடந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு வாரத்தில் 11 பேருக்கு நோய்க்குறிகள் தணிந்தன. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. தைராய்டு நோயுற்ற 17 பெண்களிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், அவர்கள் நலமாக உணர்ந்தனர். தைராய்டின் இயக்கமோ எதிர்ப்பொருள் அளவோ குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. ஆகவே மருத்துவரைக் கேளாமல் எவரும் இவ்வழியில் இறங்க வேண்டா. சீலியாக் என்ற ஐயம் எழுந்தாலும், சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்துதல் தவறு. நிறுத்தினால் இரத்தச் சோதனை நோயைக் காட்டாமல் போகக்கூடும்.

ஆனால் பிறருடைய மோகத்துக்காக உண்மையான நோயாளியைத் தண்டிப்பது என்ன நீதி? பொய்க்கண்ணாடி அணிபவர் சிலர் இருக்கிறார்கள் என்று பார்வை குன்றியவரின் கண்ணாடியைப் பறிக்கிறோமா? 'வெளியில் உண்ணட்டும்' என்பது எளிது. மாதச் செலவை எண்ணி எண்ணிப் படிக்கும் மாணவர் எத்தனை நாள் வெளியில் உண்பார்? தனியே பெட்டியைத் திறந்து உண்பவர், நாளடைவில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். என் நண்பர் சென்ற பொங்கலுக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றார். அன்று அவர் வயிறு நன்றாகவே இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

நண்பர்களே, நம் சங்கம் செய்ய வேண்டியவை பெரிய செயல்கள் அல்ல. விழாச் சமையலில் கோதுமை கலவாத பெருங்காயத்தை வாங்குவோம். கிடைக்காவிட்டால் பெருங்காயம் இல்லாமலே ஒரு பானை சாம்பார் வைப்போம். தனியாக ஒரு தோசைக்கல்லும் இரண்டு கரண்டிகளும் வாங்கிப் பூட்டி வைப்போம். ஒவ்வோர் உணவிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி மேசைமீது வைப்போம். பிறர் கரண்டி படுமுன் இவர்களுக்கு முதலில் பரிமாறுவோம். விடுதி உணவுக் குழுவுக்குத் தனிக் கல் வேண்டிச் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் கொடுப்போம். ஒருவர் கேட்டால் மோகம் என்பார்கள், நூறு பேர் கையொப்பமிட்டுக் கேட்டால் காரணம் என்ன என்று கேட்பார்கள்.

வருகிற பொங்கலுக்கு இரண்டு ரொட்டிகள் சுட்டுத்தர நான் ஒப்புக்கொள்கிறேன். நேந்திரங்காய் வாங்கிவரவும், தோல் சீவவும் ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.