அஞ்சலட்டை அமெரிக்காவும் ஆலைக் குழந்தைகளும்

நயாகரா நீர்வீழ்ச்சி, கொலராடோ ஆறு குடைந்த பெரும் பள்ளத்தாக்கு, 1902ல் நியூயார்க்கில் எழுந்த முக்கோண வடிவ ஃபிளாட்அயர்ன் மாளிகை – இவற்றின் பழைய படங்களைக் காட்டி, "அதுவல்லவா பொற்காலம்!" என்று புகழ் பாடுவோர் இன்றும் உண்டு. யாருக்குப் பொற்காலம் என்று நாம் கேட்கிறோம்.

அந்தக் காலத்தில் இத்தகைய படங்களை அச்சிட்டு விற்றதில் பேர்போனது டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி. அதன் கையிருப்பில் 40,000 நெகடிவ்கள். வியாபாரம் கொழித்த நாளில் ஆண்டுக்கு 70 லட்சம் படங்கள் விற்றன. அருவியும் மாளிகையும் மட்டுமல்ல. தெற்கு மாநிலங்களில் பருத்தி பறித்த கறுப்பின மக்களும் அதற்கு விற்பனைக்குரிய 'காட்சி' ஆனார்கள். பஞ்சு நிறைந்த கூடை படத்தில் தெரிகிறது. வாரத்துக்கு உழுத அம்மக்களின் விளைச்சலில் பாதியை நிலச்சொந்தக்காரன் அள்ளிச் சென்றதும், மீதியைக் கடைக்கடன் விழுங்கியதும் தெரிகிறதா? இல்லை. வயலில் பாடுபடும் தோழர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் வேறொரு காமிராவும் ஊர் ஊராகச் சென்றது. ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், 1908 முதல் தேசியக் குழந்தை உழைப்புக் குழுவுக்காக ஆலைகளில் படம் எடுத்தார். முதலாளிகள் சும்மா உள்ளே விடுவார்களா? சில இடங்களில் பைபிள் விற்பவராக, சில இடங்களில் அஞ்சலட்டை விற்பவராக வேடமிட்டு நுழைந்தார். அஞ்சலட்டை வியாபாரிக்குத் திறந்த கதவு உண்மைக்குத் திறக்கவில்லை!

1909ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். நூற்பு இயந்திரம் எட்டாத பாலகர்கள் அதன் மேலேயே ஏறி நிற்கிறார்கள். அறுந்த இழையை முடிவதற்கும் காலி பாபினை மாட்டுவதற்கும் அப்படித்தான் ஏற வேண்டும். ஒருவன் காலில் செருப்புமில்லை. ஆலைத் தோழனே, இயந்திரத்தின் மேல் வெறுங்கால் வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்து முதலாளி மனம் இளகினானா? அதற்கும் முன்பே, 1903 ஜூலையில், அன்னை ஜோன்ஸ் என்ற முதிய தொழிலாளர் தலைவி, பிலடெல்பியா நெசவாலை வேலைநிறுத்தத்தில் நின்ற குழந்தைகளைத் திரட்டி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் இல்லம் நோக்கி நடந்தார். வாரத்துக்கு 55 மணி நேர வேலை என்பதே வேலைநிறுத்தத்தின் கோரிக்கை. ஜனாதிபதி அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். 1916ல் குழந்தை உழைப்புக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. 1918ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. 1934ல் சுமார் 4 லட்சம் ஜவுளித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்படி நாடெங்கும் தொழிலாளர் போராட்டம் கொந்தளித்த ஆண்டுகளுக்குப் பின்னர்தான், 1938ல், நிலைத்து நிற்கும் சட்டம் கிடைத்தது. சட்டம் கருணையால் பிறக்கவில்லை, போராட்டத்தால் பிறந்தது.

நாம் அழகுக்கு விரோதிகள் அல்ல. நயாகரா எந்த முதலாளியும் படைத்ததல்ல; அதைக் கண்டு மகிழ உழைப்பாளிக்கே முதல் உரிமை உண்டு. ஆனால் பாதிப் படத்தைக் காட்டி முழுச் சரித்திரம் என்று ஏமாற்றுவதை ஏற்கமாட்டோம்.

கம்பெனியின் படங்களும் ஹைனின் படங்களும் இன்று ஒரே இடத்தில், அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. பொற்காலம் பாடுவோர் ஓர் அலமாரியை மட்டுமே திறக்கிறார்கள். தோழர்களே, நாம் இரண்டையும் திறப்போம்!