கட்டற்ற மென்பொருள் சங்கங்களும் பொறுப்பாளர் தேர்தலும்

விஞ்ஞான அறிவு ஒருசிலருடைய உடைமையாகத் தேங்கிவிடாமல் பலர்க்கும் பயன்படுமாறு பரவுதல் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். கணிப்பொறித் துறையில் இக்கொள்கையைச் செயலிற் காட்டி வருவது கட்டற்ற மென்பொருள் இயக்கமாகும். ஒரு மென்பொருளின் மூலநிரலைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை உண்டு என்பதே அதன் அடிப்படை.

திருவனந்தபுரம் இவ்வியக்கத்துக்குப் புதிய ஊரன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஆம் ஆண்டு ஜூலை 20 ஆம் நாள் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நகரில்தான் தொடங்கிவைத்தார். 2002 இல் தோன்றிய ‘ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வலர் குழு, மஞ்சரி முதலிய எழுத்துருக்களை மலையாளத்துக்கு அளித்துள்ளது. கேரள அரசு 2009 இல் இத்துறைக்கெனத் தனியே ஒரு மையத்தையும் ஏற்படுத்தியது. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகள் கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுவதும் பலர் அறிந்ததே.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டுதல் அவசியமாகிறது. நிரலின் நயங்களைப் பற்றி நாம் பேசுமளவுக்கு, நிரலைக் காத்து நிற்கும் சங்கங்களைப் பற்றிப் பேசுவதில்லை. தலைவர் யார், செயலாளர் யார், பொருளாளர் யார், அவர்களை எவர், எம்முறையில் தேர்ந்தெடுத்தனர் என்னும் வினாக்கள் சில்லறைச் சடங்குகளாகவே கருதப்படுகின்றன. இஃது ஆபத்தான எண்ணம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தேர்தல் தேவையில்லை என்பார் கூறும் நியாயம் ஒன்று உண்டு. ‘நிர்வாகம் பிடிக்காதவர் நிரலைப் படியெடுத்துக்கொண்டு தனியே சென்று புதிய குழுவை அமைக்கலாமே, உரிமம் அதனை அனுமதிக்கிறதே, பின்னர் வாக்குப் பெட்டி எதற்கு?’ என்பர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளை வளர்த்து வந்த தன்னார்வலர்கள், அதனை ஆதரித்து வந்த சன் நிறுவனத்தை 2010 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரக்கிள் நிறுவனம் வாங்கியபின், அவ்வாண்டு செப்டம்பர் 28 ஆம் நாள் தனி அமைப்பைத் தொடங்கினர். நிரலை அவர்கள் தடையின்றி எடுத்துச் சென்றனர். ஆனால் பல்லாண்டு உழைப்பால் உலகம் அறிந்த அந்தப் பெயரை எடுத்துச் செல்ல இயலவில்லை. அதன் வணிகக்குறி உரிமை வேறிடத்தில் இருந்தது. ஆகவேதான் இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள் லிப்ரே ஆபீஸ் என்னும் புதுப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நிரலைப் பிரித்துக்கொள்ளலாம், பெயரையும், வங்கிக் கணக்கையும், இணைய முகவரியையும், வெளியீட்டின் உண்மைக்குச் சான்று பகரும் கையொப்பத் திறவுகோலையும் பிரித்துக்கொள்ள இயலாது. அவை ஒருவர் கையில்தான் இருந்தாக வேண்டும். அந்தக் கை எவருடையது என்பதை உறுப்பினர்கள் தீர்மானிப்பதற்கே தேர்தல் வேண்டப்படுகிறது.

தேர்தலுக்கு முதற்படி வாக்காளர் பட்டியல். இதில் கவனக்குறைவு எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு மென்பொருளுக்கு அண்மைத் துறையான கட்டற்ற வரைபடத் துறையிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுத் தேர்தல் 2018 டிசம்பரில் நடைபெற இருந்தபொழுது, நவம்பர் மாதத்தில் இந்தியாவிலுள்ள ஒரே நிறுவனத்தைச் சார்ந்த ஏறத்தாழ 100 பேர் ஒருங்கே உறுப்பினராக விண்ணப்பித்தனர். அறக்கட்டளை விசாரணை நடத்த நேர்ந்தது. கட்டணம் செலுத்தியவரெல்லாம் உறுப்பினர் என்று மட்டும் விதி வைத்தால், பணமும் ஆள்பலமும் உடையவர் சங்கத்தையே வசப்படுத்திக்கொள்ளக் கூடும் என்னும் அச்சம் அன்று எழுந்தது. பின்னர் அவ்வமைப்பு, முந்திய 365 நாட்களில் 42 நாட்களேனும் வரைபடப் பணி ஆற்றியவர் கட்டணமின்றி உறுப்பினராகலாம் என்னும் முறையையும் மேற்கொண்டது. உழைப்பே உறுப்புரிமைக்குத் தகுதி என்னும் இக்கொள்கை நம் சங்கங்களுக்கும் பொருந்தும். ஆனால் நிரல் எழுதுவது ஒன்றையே உழைப்பெனக் கொள்ளுதல் தகாது. மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல், பிழை கண்டறிதல், பயிற்சி அளித்தல் ஆகியவையும் உழைப்பே.

இரண்டாவது, வாக்களிக்கும் முறை. ஒருவருக்கு மட்டும் குறியிட்டு, மிகுதியான வாக்குப் பெற்றவரை வென்றவராகக் கொள்வது எளிது. ஆனால் மூவர் நால்வர் போட்டியிடுமிடத்துப் பெரும்பான்மையோர் விரும்பாத ஒருவரும் வென்றுவிடலாம். இதற்கு மாற்று நமக்குப் புதியதன்று. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலேயே வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகின்றனர். 1969 இல் வி. வி. கிரி முதல் விருப்ப வாக்குகளாக 4,01,515 மதிப்பே பெற்றார். வெற்றிக்கு 4,18,169 தேவைப்பட்டது. அடுத்த விருப்பங்களையும் கணக்கிட்டபின் 4,20,077 பெற்று அவர் வென்றார். டெபியன் என்னும் உலகளாவிய இயங்குதளக் குழுவும் ஆண்டுதோறும் தன் தலைவரை விருப்ப வரிசை முறையிலேயே தெரிவு செய்கிறது. ஆயினும் எண்ணும் வகை வேறு. ஒவ்வொரு வேட்பாளரையும் மற்றொவ்வொருவருடனும் இருவர் இருவராக ஒப்பிட்டு முடிவு காண்பர். அவ்வாக்குச் சீட்டில் ‘இவர்களுள் எவருமல்லர்’ என்னும் வரியும் உண்டு. நம் நாட்டில் 2013 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் வந்த ‘நோட்டா’ சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களின் முடிவை மாற்றுவதில்லை. டெபியனிலோ அவ்வரி வேட்பாளர் அனைவரையும் விஞ்சுமாயின் தேர்தலை மீண்டும் நடத்தியாக வேண்டும். சிறு சங்கங்களுக்கு இது நல்லதொரு காவல் என்பது என் கருத்து.

மூன்றாவது இடர், போட்டியிடுவார் இல்லாமை. 2019 இல் டெபியன் தலைமைக்குக் குறித்த காலத்துக்குள் ஒருவரேனும் மனுச் செய்யவில்லை. காலக்கெடுவை நீட்டிய பின்னரே வேட்பாளர் முன்வந்தனர். எத்துணைப் பெரிய அமைப்புக்கும் இந்நிலை நேரலாம் என்றால் இருபது முப்பது பேர் கொண்ட உள்ளூர்ச் சங்கத்தைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? அங்கே பழைய செயலாளரே ‘வேறு ஆளில்லை’ என்று பத்தாண்டு நீடிப்பார். அது அவர் குற்றமன்று. பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு இல்லாமையே குற்றம். கேரளத்தைச் சேர்ந்த ஸ்ருதி சந்திரன் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் டெபியன் தலைமைக்குப் போட்டியிட்டார். அவ்வாண்டுகளில் வெற்றி பிறர்க்கே கிட்டியது. எனினும் பெண்களும் பல நாட்டினரும் இத்துறையில் ஏன் குறைவு என்னும் வினா அப்போட்டியினால் உறுப்பினர் முன் வைக்கப்பட்டது. தேர்தலின் பயன் வெற்றி தோல்வியோடு முடிவதில்லை.

இவற்றை மனத்திற் கொண்டு சில யோசனைகளைக் கூறலாம். தேர்தல் நாள் விதியிலேயே குறிக்கப்படல் வேண்டும். நிர்வாகக் குழுவின் விருப்பத்துக்கு விடலாகாது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே வாக்காளர் பட்டியலை மூடி, உறுப்பினர் அனைவரும் காண வைத்தல் வேண்டும். தேர்தலை நடத்துபவர் வேட்பாளராக இருத்தல் கூடாது. க்னோம் அறக்கட்டளையின் விதிப்படி ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் இயக்குநர் குழுவில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இருத்தலாகாது. கழக்கூட்டத்து டெக்னோபார்க் நிறுவன ஊழியர் பலரும் சேர்ந்துள்ள சங்கங்கள் இத்தகைய வரம்பை ஏற்பது நன்று. இவற்றினும் முக்கியமானது பொறுப்பு ஒப்படைப்பு. விலகும் செயலாளரும் பொருளாளரும் கடவுச்சொற்கள், வங்கி அதிகாரம், இணைய முகவரிப் பதிவு, கையொப்பத் திறவுகோல் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பதினைந்து நாட்களுக்குள் ஒப்படைத்தல் வேண்டும். எந்தத் திறவுகோலும் ஒருவர் கையில் மட்டும் இருத்தல் ஆகாது. ஒப்படைப்பில்லாத தேர்தல் பெயர்ப்பலகையை மாற்றுமேயன்றி அதிகாரத்தை மாற்றாது.

இவையெல்லாம் கேரள மக்களுக்கு அயலான பழக்கங்கள் அல்ல. 1945 இல் அம்பலப்புழையில் தொடங்கிய நூலகச் சங்க இயக்கத்தின் வழிவந்த கிராமத்து வாசகசாலைகள் தம் நிர்வாகக் குழுக்களைத் தாமே தேர்ந்தெடுத்து வருகின்றன. நூல்களை ஊருக்குப் பொதுவாக வைத்த மக்களுக்கு, நிரலைப் பொதுவாக வைத்தவர்கள் நிர்வாகத்தில் பின்தங்குதல் அழகன்று.

‘கட்டற்ற’ என்னும் அடைமொழி மென்பொருளுக்கு உரியது. அதனைக் காக்கும் சங்கத்துக்கு உரியதன்று. நிரல் கட்டின்றி வழங்க வேண்டுமாயின், அதன் பெயரையும் பொருளையும் திறவுகோலையும் வைத்திருப்போர் விதிக்குக் கட்டுப்பட்டவராக இருத்தல் வேண்டும். பூசல் எழுந்தபின் விதி எழுத முற்படுவோர் அவ்விதியையே பூசலுக்குரிய பொருளாக்கிவிடுவர். எனவே, ஒற்றுமை நிலவும் இக்காலத்திலேயே சங்கங்கள் தம் தேர்தல் விதிகளைத் தெளிவாக எழுதி, அடுத்த பொதுக்குழுவில் நிறைவேற்றிக்கொள்வார்களாக.