பனி விலகும் வேளை

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். இவற்றுள் ஒன்று மற்றொன்றாக மாறும் சில நாட்களை நாம் இன்று பொருட்படுத்துவதில்லை. பஞ்சாங்கத்தில் ஒரு தாள் கிழிந்தது என்ற அளவில் நின்றுவிடுகின்றோம். பண்டை வைத்திய நூலாரோ அந்நாட்களையே கூர்ந்து நோக்கினர்.

வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், ஒரு பருவத்தின் இறுதி ஏழு நாட்களையும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாட்களையும் சேர்த்து ‘ருது சந்தி’ எனக் குறிக்கின்றது. பழைய பருவத்துக்குரிய உணவையும் நடையையும் ஒரே நாளில் உதறிவிடாமல், இப்பதினான்கு நாட்களிற் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் புதியவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் விதி. குளிர்காலத்தில் உடலிற் சேர்ந்த கபம் வசந்தத்து வெயிலில் உருகிப் பசித்தீயைத் தணித்து நோய் விளைக்கும் என்பது அவர்தம் கொள்கை. இக்காலத்து உடலியலார் கபத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும், உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும் என்று அவர்களும் கூறுகின்றனர். காரணம் வேறாயினும் கணக்கு ஒன்றாகவே இருக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சந்தி ஏப்ரல் 7 அளவிலே தொடங்கி 20 அளவிலே முடிகின்றது. இதன் நடுவே, ஏப்ரல் 14, 15ஆந் தேதிகளை ஒட்டி, நண்பகற் சூரியன் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கின்றான். ஆதலால், நண்பகலில் மைதானத்திலும் தோட்டத்திலும் நிற்பதை இந்நாட்களிற் குறைத்தல் நலம். சிறுவர்க்கும் முதியோர்க்கும் தாகம் எடுக்குமுன்பே நீரோ மோரோ கொடுத்து வருதல் வேண்டும். நெய்ப்பும் இனிப்பும் மிகுந்த கனத்த உணவையும் பகலுறக்கத்தையும் வாக்படர் விலக்கச் சொல்கின்றார். வருடப்பிறப்புப் பலகாரங்களை முன்வைத்துக்கொண்டு இதனை நினைத்தல் கடினமே. எனினும், அளவறிந்து உண்பார்க்குப் பண்டிகையும் பகையாகாது.

நம் இல்லத்தரசிகள் நூல் கற்றுச் செய்தாரல்லர்; ஆயினும் பருவத்தைப் பயன்கொள்ளும் வகையை நன்கறிந்திருந்தனர். ஆவணி புரட்டாசியில் விழுந்த பனங்கொட்டைகள் பாத்தியில் முளைத்து, தை மாசியிற் கிழங்காகின்றன. பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் அது ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். மழைக்குப் பயப்படாத இம்மாதங்களின் வெயிலே இரண்டையும் ஆண்டு முழுதுங் காத்துத் தருகின்றது. பங்குனியில் வேம்பு பூக்கின்றது. மரத்தின் கீழே பாயை விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து, அரைத்த உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமுங் கூட்டித் தட்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் வேப்பம்பூ வடகம் ஆயத்தம். கடையிலே வாங்கும் பொட்டலத்துக்கும் முற்றத்திலே காய்ந்ததற்கும் உள்ள வேற்றுமையை நாவே சொல்லும். பூ உதிருங் காலமோ சில வாரங்களே. தவறவிட்டால் அடுத்த பங்குனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவையெல்லாவற்றினும் பெரிதாக எண்ணத்தக்கது கிணற்று நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியிலே மட்டும் ஓடுவது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. எனவே, மேலே ஓரடியை நாம் அளவின்றி இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் 40 அடி உயர இடங்கொடுக்கின்றோம். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. யந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆகவே காவலும் நாமே ஆதல் வேண்டும்.

சித்திரையில் இடையிடையே மழை பெய்யினும், அடுத்த பெருமழை ஐப்பசியிலேதான். கிணறு நிறைந்திருக்கும் மாசியிலே சிக்கனத்தைத் தொடங்குவதே அறிவுடைமை. வற்றிய ஆவணியிலே தொடங்குவதாற் பயன் சிறிது. விடியற்காலையிலோ மாலையிலோ மட்டும் பயிருக்கு நீர் விடலாம். மரங்களின் அடியிலே சருகும் தேங்காய்ப் பொச்சும் பரப்பி ஈரத்தைக் காக்கலாம். குளிக்கும் நீர் வீணே ஓடாமல் வாழையடிக்குச் செல்ல வாய்க்கால் வெட்டலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ் செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

பருவத்தைப் பயன்கொள்ளுதல் என்றால் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொள்ளுதல் என்று சிலர் கருதுவர். வெயிலை எத்துணை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். அது நாளையும் வரும். நீரை அளந்தே எடுத்தல் வேண்டும். அது நம் பிள்ளைகளுக்கும் உரியது. இவ்வேற்றுமையை உணர்ந்து நடப்பார்க்குப் பின்பனியும் நன்று. வருகின்ற வேனிலும் நன்று.