மறுபடியும் பக்கெட்டா?

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எதுவும் கசியவில்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், பாறை இடுக்கெல்லாம் எண்ணெய் தார் மாதிரி கெட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. கல்லூரிப் பிள்ளைகள், மீனவர்கள், தீயணைப்பு வீரர்கள் எல்லாரும் வரிசையாக நின்று பக்கெட் பக்கெட்டாகக் கைமாற்றி அள்ளினார்கள். எவ்வளவு பாராட்டினோம் அந்தப் பிள்ளைகளை! பாராட்டியதோடு விட்டுவிட்டோமே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

விட்டதன் பலன் 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. எண்ணூர்க் குப்பங்களில் சுவர், படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. முதல் சில நாட்கள் அதை அள்ளியது யார்? அதே மீனவர்கள். எதில்? அதே பக்கெட்டில், மக்கில். பலர் கையில் ஒழுங்கான உறைகூட இல்லை. நடுவில் கிட்டத்தட்ட ஏழு வருஷம் போயிருக்கிறது. ஆட்சியே மாறியிருக்கிறது. இத்தனை கப்பல் வந்து போகிற, இத்தனை எண்ணெய்த் தொட்டி நிற்கிற இடத்தில், எண்ணெய் அள்ளும் இயந்திரத்தைத் தயாராக வைத்திருக்க ஏழு வருஷம் போதாதா?

அதற்குப் பிறகு நிவாரணம் வந்தது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆற்றில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சேறுதான் பிழைப்பு. வலை நாறினால் வேறு வலை வாங்கலாம், சேறு நாறினால் என்ன செய்வார்கள்? பிடித்துக்கொண்டு வந்தாலும், “எண்ணூர் மீனா, வேணாம்மா” என்று நகர்ந்துபோகிறவர்களிடம் எப்படி விற்பார்கள்?

அரசியல்வாதிகளை மட்டும் திட்டி முடிக்க எனக்கு மனசில்லை. சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசி ராயபுரம் வீடுகளில் படிகிறது என்று வழக்கு நடந்து, 2011-இல் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. மிக நியாயமான தீர்ப்பு. சோற்றுத் தட்டில் கரி விழுந்தால் யார் பொறுப்பார்கள்? ஆனால் அந்த நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. அங்கேயும் வீடுகள் இருக்கின்றன, தட்டில் சோறு இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் சாம்பல் கலந்தபோதும் கத்தியவர்கள் அந்தக் கரைக்காரர்கள்தான். அந்த மின்சாரத்தில் விசிறி சுற்றுகிற மற்றவர்கள் என்ன செய்தோம்? நம் வாசலைத் தாண்டிவிட்டால் போதும் என்கிற இந்தக் குணம் அதிகாரிக்கு மட்டுமா இருக்கிறது?

2023-இல் வந்த அந்த எண்ணெய் காய்வதற்குள், அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலுக்கடியில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது அந்த நெடிதான். கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆலையை மூடச் சொல்லி ஜனங்கள் பந்தல் போட்டு மாசக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

குழாயைப் பற்றி நிபுணர்கள் அறிக்கை எழுதட்டும், நல்லது. ஆனால் பெரியகுப்பத்துத் தெருவில் அதிகாரி ஒருவர் வந்து நின்று, மறுபடியும் நெடி அடித்தால் முகத்தில் எதைக் கட்டிக்கொள்ள வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நடக்க முடியாத பாட்டியை யார் வந்து தூக்குவார்கள் என்று வீடு வீடாகச் சொல்லட்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நாள் போதும்.