தூரமும் ஒரு தகுதிதான்

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் காட்டக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தால் சின்ன கிளப்புகளின் மைதானம் காற்று வாங்கும் என்ற பயம். ஆனால் அதே கீழ்ப்பிரிவு ஆட்டங்களைக் கடல் கடந்த ரசிகர்கள் பணம் கட்டிப் பார்க்க 2017இல் ‘ஐஃபாலோ’ என்ற இணைய ஒளிபரப்புச் சேவை வந்தது. பக்கத்துத் தெருக்காரருக்கு இல்லாத சலுகை, அயல்நாட்டில் இருப்பவருக்கு! நம் ஊர்க் கதை வேறு. கோவையில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணி, 2019 மார்ச்சில் ஐ-லீக் கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தின் பிற்பாதியில் பல ஐ-லீக் ஆட்டங்களைத் தொலைக்காட்சி கைவிட்டிருந்தது. கண்ணமங்கலம் போன்ற தொலைவான சிற்றூரிலிருந்து அவற்றைப் பார்க்க ஆசைப்பட்டவர் கோவைக்கு பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் மறுநாள் ஸ்கோரைப் படிக்க வேண்டும். அன்று யாராவது ஒற்றைக் கேமராவை வைத்துக் காசு கேட்டிருந்தால்கூட ரசிகர்கள் கொடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மொபைலில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டிப் பார்ப்பது இப்போது பழகிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்குக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்ததும் ஒரு கணக்கு ஓடும்: இதில் தறிக்காரருக்கு எவ்வளவு? ரசிகரும் அதையே கேட்க வேண்டும். கட்டணத்தில் கணிசமான பங்கு கிளப்புக்குப் போகிறதென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். செயலிக்காரரே முழுதும் எடுத்துக்கொண்டால், அது ரசிகரின் பாசத்துக்குப் போட்ட வரி.