யந்திரம் நம்முடையது, கெடு யாருடையது?

கம்ப்யூட்டர் சண்டை தொழிலாளர் பத்திரிகைக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சான்றிதழுக்காக நாம் கால்கடுக்க நிற்கும் இ-சேவை மையத்தில் இருப்பது கம்ப்யூட்டர். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கம்ப்யூட்டரே. ஆகவே இது நம் வீட்டு விவகாரந்தான்.

கம்ப்யூட்டரை இயங்கவைப்பது அதனுள் இருக்கும் இயக்குதளம். நாம் காணும் மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனியுடைய விண்டோஸ். 'விண்டோஸ் 10'-க்குத் தந்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அக்கம்பெனி முடித்துக்கொண்டது. சிலருக்குத் தவணை நீட்டித்தார்கள். தவணை ஒருநாளும் தீர்வாகாது. அடுத்ததான 'விண்டோஸ் 11' வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய ரக பிராசசரும் வேண்டுமாம். எத்தனையோ பழைய யந்திரங்கள் நன்றாக ஓடியும் தகுதியிழந்துவிட்டன. துணி நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே தறியைத் தூக்கி எறி என்று தறி விற்றவன் சொன்னால் எந்த நெசவாளி ஒப்புவான்?

மாற்று இருக்கிறது. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் சேர்ந்து உருவானது அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஊர்ப் பொதுக்குளம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் வாசலுக்கே வந்த விஷயம். 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்த சி-டாக்குடன் கைகோத்தது, தாம்பரத்துக்குப் பக்கத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். 2007-ல் சி-டாக்கின் சென்னைப் பிரிவு 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2014 ஏப்ரலில் 'விண்டோஸ் எக்ஸ்பி'க்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசே தன் துறைகளுக்குச் சொன்னது. பதினோரு ஆண்டு கழித்து அதே கெடு, அதே தவிப்பு!

மாறு என்று ஒரு கூட்டமும், மாறாதே என்று ஒரு கூட்டமும் மல்லுக்கு நிற்கின்றன. பிரிண்டர் ஓடாது, கைரேகைக் கருவி ஓடாது, கணக்கு மென்பொருள் ஓடாது என்கிறார்கள் ஒரு சாரார். இந்தத் தொல்லைகள் கற்பனையல்ல. விண்டோஸ் தெரியும் என்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்ட தட்டச்சுப் பெண்ணுக்கு அது வயிற்றுப்பாடு. மாறாதவன் மூடன் என்று அவளை ஏசுவோர், நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கெடுக்கிறார்கள். கெடு வைத்தவள் அவளல்லவே!

உலகம் இரண்டு பாடங்களைத் தந்திருக்கிறது. ஜெர்மனியில் மியூனிச் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தது. ஒரு தீர்மானத்தோடு காரியம் முடிவதில்லை. கேரளப் பள்ளிகளில் பாடத்தையே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அமைத்தார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அங்கே அது நிலைத்தது. 300 கோடி ரூபாய் மிச்சமானதாக 2017-ல் செய்தி வந்தது. உத்தரவு மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கும் கையும் வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

எனவே நாம் கேட்பது இதுதான். அரசின் சேவைகள் எந்த இயக்குதளத்திலும் ஓடவேண்டும். ஊழியருக்கு வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு பயிற்சி தரவேண்டும். புதிய கருவி வாங்கும்போது அது லினக்ஸில் ஓடுமா என்று பார்த்து வாங்கவேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்பிக்கவேண்டும்.

நம்மால் ஆனதையும் செய்வோம். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், அதிலுள்ள படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். பிடிக்குமா என்று தெரியாதவர்கள், உள்ளே பதிக்காமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். தமிழிலேயே படித்தறிய 2012 முதல் 'கணியம்' இதழ் இருக்கிறது. தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு யந்திரத்தில் தொடங்கினாலும் போதும். விண்டோஸை நம்பிப் பிழைப்பவர், மாற்று கைக்கு வரும்வரை அதிலேயே இருக்கட்டும், அதில் குற்றமொன்றுமில்லை.

காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம். யந்திரம் ஓய்வு பெறும் தேதியைக் குறிப்பவர்களும் நாமாகவே இருக்கவேண்டும்.