இயந்திரமும் இருதிணையும்

அறிவியல் புனைகதையைப் பொழுதுபோக்கு நூலென ஒதுக்கும் மனப்பான்மை தமிழ்த்துறைகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ புதினத்தை நம் இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் அவ்வெண்ணம் மாறும் என்பது நம் துணிபு.

1980களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வெளிவந்த இப்புதினம், அன்றைக்கு எதிர்காலமாயிருந்த 2020களைக் களமாகக் கொண்டது. நாட்டை ஜீவா என்னும் தலைவர் ஆள்கிறார். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவன் சிபியைக் காணாது தவிக்கும் நிலாவுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

தலைப்பையே முதற்கண் நோக்குவோம். ‘இயந்திரம்’ விளியேற்றால் ‘இயந்திரமே’ என்றாகும். ‘இயந்திரா’ என்பதோ, ‘நண்பன்’ ‘நண்பா’ ஆவதுபோல, அன் ஈற்று உயர்திணைப் பெயர் ஏற்கும் விளி. உவப்பினால் திணை மாறுவதை நன்னூல் ஏற்கிறது. தை முதல் நாளில் அவனியாபுரத்து வாடிவாசலுக்குக் காளையைப் பிடித்துச் செல்பவர் ‘வாடா ராசா’ என அழைத்தால், அதுவும் இவ்வமைதியே.

உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனை அடிப்படையாக்கினார் தொல்காப்பியர். ஜீனோவுக்கு மனித உரு இல்லை. ஆயினும் அது நூல் கற்கிறது, சிந்திக்கிறது, நிலாவுக்காகத் துணிந்து செயல்படுகிறது. வினையால் அது மனிதனை ஒக்கும். உயிர் எனப் பொருள்படும் பெயர் தாங்கிய ஜீவாவோ ஒளியால் சமைத்த வெற்றுருவம் என்பது பின்னர்ப் புலனாகிறது. அங்கு உரு மட்டுமே உண்டு. இம்முரணில்தான் புதினத்தின் மையக்கருத்து பொதிந்துள்ளது.

நிலா, சிபி, ரவி, மனோ என மாந்தர் பெயர்களெல்லாம் ஈரெழுத்தாக இருப்பதும் தற்செயலன்று. அது அரசின் விதி. தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகிய நம் குடும்பத்தார்க்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும். பெயரைக் குறுக்குவோர் மனிதனை மரபினின்றும் பிரித்து வெறும் எண்ணிக்கையாக்குகின்றனர். உவப்பு மட்டுமன்றி இழிப்பும் திணையை மாற்றும் என்று நன்னூலார் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்பு அஃறிணையை உயர்த்துகிறது. அடக்குமுறை உயர்திணையைத் தாழ்த்துகிறது.

மனிதமொழியில் விடை கூறும் இயந்திரங்கள் இன்று மாணவர் கைகளிலேயே உள்ளன. அவற்றை ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா என்று விவாதிக்கிறோம். மனிதரை ‘அது’ ஆக்கும் ஆட்சியையும் வணிகத்தையும் இனங்காணும் பயிற்சி அதனினும் இன்றியமையாதது. ஆகவே, இத்தகைய புதினங்களைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவும், ஆய்வேடுகளுக்குத் தெரிவுசெய்யவும் தமிழ்த்துறைகள் முன்வர வேண்டும்.